மாடியேறிப் பார்த்த பிறகே விலைப்புள்ளி எழுதுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். வீட்டு மாடிகளில் சோலார் பேனல் பொருத்தித் தரும் ஒப்பந்ததாரர்களோடு, குறிப்பாக அண்மையில் இத்தொழிலுக்கு வந்துள்ள இளைஞர்களோடு, சில செய்திகளைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். வீட்டு மாடி சோலாருக்காக மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும், ஆக 78,000 ரூபாய் வரை மானியம் கிடைக்கிறது. மானியம் மூன்று கிலோவாட்டோடு நின்றுவிடுவதால், மாடியில் கால் வைப்பதற்கு முன்பே ‘மூன்று கிலோவாட்’ என்று விலைப்புள்ளி எழுதிக் கொடுத்துவிடும் பழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. இந்தப் பழக்கம் எனக்குக் கவலை தருகிறது. இருபத்தைந்து ஆண்டுகள் இருக்கப்போகும் ஒரு பொருளுக்கு ஒரு மணி நேரம் செலவிட்டுப் பார்ப்பது மிகை ஆகாது.

மாடி ஏறும் முன் மின் கட்டண விவரத்தைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுப்பதால், கடைசி ஆறு கணக்கெடுப்புகளைப் பார்த்தால் ஓராண்டின் பயன்பாடு தெரிந்துவிடும். கோடையில் எடுத்த ஒரே ஒரு ரசீதை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. கூடவே இணைப்பு ஒருமுனையா மும்முனையா என்பதையும், அனுமதிக்கப்பட்ட மின்சுமை எவ்வளவு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி நிழல். நான் மிகுதியாகப் பேச வேண்டியது இதைப் பற்றித்தான், ஏனெனில் நானே இதில் தவறியிருக்கிறேன். திருச்சி அருகே ஒரு வீட்டை மே மாத நடுப்பகலில் அளந்தேன். மாடியின் தென்புறத்தில் படிக்கட்டு அறையும் அதன் மேல் தண்ணீர்த் தொட்டியும் இருந்தன. இரண்டும் சேர்ந்து சுமார் நான்கு மீட்டர் உயரம். அவற்றின் வடபுறத்தில் நிழலே விழவில்லை என்று கண்ணால் பார்த்து, அங்கேயே பேனல்களை வைக்கச் சொன்னேன். மார்கழியில் வீட்டுக்காரர் அழைத்து, காலையில் உற்பத்தி பாதிகூட வருவதில்லை என்றார். போய்ப் பார்த்தபோது ஒன்பது மணிக்கு அந்தத் தொட்டியின் நிழல் வடமேற்கு நோக்கி ஆறு மீட்டருக்கும் மேல் நீண்டு, பேனல்களின் மீது படுத்திருந்தது. கட்டமைப்பை என் செலவில் மாற்றி வைத்தேன்.

நான் மறந்தது எளிய செய்தி. தமிழ்நாடு கடகரேகைக்குத் தெற்கே இருப்பதால், ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரையான காலத்தின் பெரும்பகுதியில் நடுப்பகல் சூரியன் நம் தலைக்கு வடபுறமாகச் செல்கிறது. சென்னையில் ஜூன் 21 அன்று அது உச்சிக்குப் பத்து பாகை வடக்கே நிற்கும். டிசம்பர் 21 அன்று உச்சிக்கு முப்பத்தாறு பாகைக்கு மேல் தெற்கே இறங்கியிருக்கும். ஆகவே எந்த மாதத்தில் அளந்தாலும் டிசம்பர் மாதத்துக் காலை ஒன்பது மணி நிழலையும் பிற்பகல் மூன்று மணி நிழலையும் கணக்கிட்டே இடத்தை முடிவு செய்ய வேண்டும். வடக்கே உயரமான சுவர் இருந்தால் ஜூன் மாத நிழலையும் பார்க்க வேண்டும். அந்த நிழல் குட்டையானது என்றாலும் சுவரை ஒட்டிய பேனலை மறைக்கப் போதுமானது. திசையைக் கைப்பேசியில் பார்ப்பவர்கள் இரும்புக் கம்பிகளிலிருந்து தள்ளி நின்று பார்க்கவும்.

சிறிய நிழல்தானே என்று சிலர் சொல்வார்கள். கான்கிரீட் போடும் நாளில் சாந்துச் சட்டியைக் கைமாற்றி மேலே அனுப்பும் வரிசையை நினைத்துப் பாருங்கள். நடுவில் ஒருவர் தளர்ந்தால் மேலே போய்ச் சேரும் சட்டிகளின் எண்ணிக்கையே குறைந்துவிடும். பேனலில் தொடராக இணைத்த சிறு சோலார் செல்களில் ஒன்றிரண்டின் மேல் தென்னங்கீற்றின் நிழல் விழுந்தாலும் மின்னோட்டத்துக்கு அதே கதிதான். பேனலுக்குள் இருக்கும் பைபாஸ் டயோடுகள் அந்தப் பகுதியை விலக்கி மற்றவற்றைக் காப்பாற்றும். ஆனால் விலக்கிய பகுதியின் மின்சாரம் நமக்கு இல்லை. பக்கத்து மனையின் இளந்தென்னையும், கம்பி நீட்டிக்கொண்டு மேல்தளத்துக்குக் காத்திருக்கும் அடுத்த வீட்டுத் தூண்களும் இன்று நிழல் தரமாட்டா. ஆயினும் அவற்றைக் குறிப்பில் எழுதி, வீட்டுக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது தளம். மேலே பார்த்தால் மட்டும் போதாது. அனுமதி கேட்டு, கீழ்வீட்டுக் கூரையின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். துருக்கறை, பூச்சு உப்பி உதிர்ந்த இடம், வெளியே தெரியும் கம்பி ஆகியவை இருந்தால் கட்டடப் பொறியாளரின் கருத்தில்லாமல் முன்செல்லக் கூடாது. தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிக் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில், கான்கிரீட் தளத்துக்குரிய போல்ட்டு முறை பொருந்தவே பொருந்தாது. கான்கிரீட் வீடுகளிலும் தட்டோட்டையும் அதன் கீழுள்ள சுண்ணாம்புச் சல்லியையும் துளைத்தால் அந்த வழியே மழைநீர் இறங்கும். துளைக்கும் இடத்தை எப்படி அடைப்பீர்கள் என்பதை அப்போதே முடிவு செய்யுங்கள்.

எடையைப் பற்றி வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். நாம் காற்றைப் பற்றி அவர்களிடம் பேச வேண்டும். 540 வாட் பேனல் ஒன்று ஏறக்குறைய 28 கிலோதான். ஆனால் இந்தியத் தர நிர்ணயம் சென்னைக்கு வகுத்துள்ள அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். அந்த வேகத்தில் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ எடைக்குச் சமம். இரண்டரைச் சதுர மீட்டர் பரப்புள்ள ஒரே பேனலை அது 350 கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு தூக்கப் பார்க்கும். 2016 டிசம்பரில் வர்தா புயலையும் 2018 நவம்பரில் கஜா புயலையும் பார்த்த மக்களுக்கு இதை விளக்க அதிகச் சொற்கள் தேவைப்படாது. துணி உலர்த்தவும் வடாம் காயவைக்கவும் மாடி வேண்டும் என்று எட்டடி உயரக் கட்டமைப்பு கேட்பது நியாயமான விருப்பம். அப்படி உயர்த்தும்போது கால்களின் அடித்தளத்தையும் குறுக்குத் தாங்கிகளையும் அதற்கேற்பக் கணக்கிட்டு, அந்தச் செலவை முதலிலேயே விலைப்புள்ளியில் காட்டுங்கள்.

பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கேற்ற மாறுமின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டருக்கு வெயிலும் சாரலும் படாத, காற்றோட்டமுள்ள சுவரைத் தேடுங்கள். மின்கசிவை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழிகளுக்குத் தரையில் இடம் உண்டா என்று பாருங்கள். முற்றம் முழுவதும் டைல்ஸ் பதித்த வீடுகளில் இதுவே கடைசி நாளில் சண்டையாகிறது. மாடிக்கு அருகில் மின்கம்பி சென்றால் இரும்பு அளவுநாடாவை வெளியே எடுக்கவே வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேல் நேரடியாகக் கால் வைக்காதீர்கள்.

இறங்கி வந்ததும் அளவு, திசை, நிழல், தளத்தின் நிலை ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிப் படங்களோடு வீட்டுக்காரரிடம் ஒரு பிரதி கொடுங்கள். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் பத்துச் சதுர மீட்டர் நிழலில்லாத இடம் வேண்டும். இருபது சதுர மீட்டர்தான் தேறுகிறது என்றால் தாளில் இரண்டு கிலோவாட் என்றே எழுதுங்கள். முதல் நூறு யூனிட் இலவசம் என்ற நிலையில், இரண்டு மாதத்துக்கு நூற்றைம்பது யூனிட் மட்டும் செலவாகும் வீட்டில், போட்ட முதல் திரும்பப் பல ஆண்டுகள் ஆகும் என்பதையும் அதே தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். வணக்கம்.