நாற்பதாம் பக்கத்தில் வந்து நிற்கும் புதுக் கதை

அனைவருக்கும் வணக்கம்.

நாவலைத் தொடங்குவது எப்படி என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பலரிடம் தொடங்கிய நாவல் இரண்டு மூன்று இருக்கும். அவற்றில் ஒன்றை முடிப்பது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

எந்த இடத்தில் நின்றுபோனது என்று எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் நாற்பதாம் பக்கத்தைத் தாண்டியதும்தான் நின்றிருக்கும். முதல் நாற்பது பக்கம், பல மாதம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்ததை இறக்கி வைத்தது. ஊர், வீடு, முதல் சண்டை எல்லாம் கைவசம் இருந்தன. அந்தக் கையிருப்பு தீர்ந்த பிறகுதான் நிஜமான வேலை. இவள் ஏன் ஊருக்குத் திரும்ப வேண்டும், கடிதத்தை யார் ஒளித்து வைத்தது என்று ஒவ்வொன்றாக யோசித்துக் கட்ட வேண்டும். பார்த்து அந்த வாரத்தில் புதுக் கதை ஒன்று தோன்றும். பிரமாதமாக இருக்கும். இருக்காமல் என்ன செய்யும், அதில் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லையே!

அதை விரட்டாதீர்கள், தூக்கத்தைக் கெடுக்கும். அஞ்சலட்டை அளவில் ஒரு அட்டை எடுத்து, ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள்: யார், எங்கே, என்ன சிக்கல், மனசில் வந்த ஒரு காட்சி. தேதி போட்டு உறைக்குள் வைத்துவிடுங்கள். செல்பேசிக் குறிப்பில் வேண்டாம், அதற்கு அடிப்பக்கம் என்று ஒன்று கிடையாது, இழுத்துக்கொண்டே போகும். அட்டையில் பாத்திரங்களுக்குப் பெயரும் வைக்காதீர்கள். பெயர் வைத்த பிள்ளையை யாரும் உறைக்குள் விட்டுவைக்க மாட்டார்கள். நடப்பு நாவலின் முதல் வரைவு முடிந்த அன்று உறையைப் பிரியுங்கள். அன்றைக்குப் பிரமாதமாகத் தெரிந்ததில் பாதி சப்பென்று இருக்கும்.

"ரெண்டையும் சேர்த்தே எழுதினால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. சார்லஸ் டிக்கன்ஸ் 1837-இல் பல மாதங்கள் இரண்டு நாவல்களை ஒருசேர எழுதினார். ஒன்று மாதாந்தர வெளியீடு, இன்னொன்று மாத இதழில் தொடர். ஆனால் அவருக்கு மாதாமாதம் அச்சுக்கூடம் காத்துக்கிடந்தது. நமக்கு யார் காத்திருக்கிறார்கள்?

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரு நாவல் கொங்கு வட்டாரத்தில், இன்னொன்று நாஞ்சில் நாட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. பத்தாம் நாள், "இருக்குதுங்க" என்று பேசிவந்த பல்லடத்துக் கிழவர் "இருக்குல்லா" என்பார். எழுதியவர் கண்ணுக்கு அது படாது, பல்லடத்து வாசகருக்கு முதல் பார்வையிலேயே படும். உறவுமுறையும் இப்படித்தான் குழம்பும். 40-ஆம் பக்கத்தில் கதாநாயகி சித்தப்பா என்று அழைத்தவரை 112-ஆம் பக்கத்தில் மாமா என்பாள். மாமா மகனைக் கட்டிக்கொள்ளலாம், சித்தப்பா மகன் அண்ணன் முறை. கதையே கவிழ்ந்துவிடும். ஒரே நாவல்தான் என்றாலும் ஒரு தாளில் பெயர், வயது, யார் யாரை எப்படி அழைக்கிறார்கள், அந்த வட்டாரச் சொல் ஒரு பத்து என்று எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவிடுங்கள்.

இனிக் கணக்கு. நாவல் 60,000 சொல் என்போம். ஒரு நாளைக்கு 300 சொல், வாரத்துக்கு 5 நாள். 40 வாரத்தில் முதல் வரைவு முடியும். அடுத்ததைத் தொடர்ந்து எழுதினால் அது 80-ஆவது வாரத்தில் முடியும். மாற்றி மாற்றி எழுதினாலோ, 78-ஆவது வாரத்திலும் இரண்டுமே அரைகுறை. இதுவும் இடைவெளி விடாதவருக்குத்தான். மூன்று வாரம் விட்டுவிட்டுத் திரும்பி வந்தால் முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கும். படிக்க உட்கார்ந்தால் கை சும்மா இருக்குமா? ஒன்றாம் அத்தியாயம் ஐந்தாம் முறை திருந்தும், ஒன்பதாம் அத்தியாயம் பிறக்காது.

தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதிய ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி டிராலப், கைக்கடியாரத்தை எதிரில் வைத்துக் கால் மணிக்கு 250 சொல் எழுதினார். அந்த வேகம் நமக்கு வேண்டாம். அன்றன்று எழுதிய பக்கங்களை அவர் நாட்குறிப்பில் பதிந்து வைத்தார், அதை எடுத்துக்கொள்வோம். கோடு போட்ட நோட்டில் மூன்று பத்தி: தேதி, எழுதிய சொல், நாளைக்கு எழுத வேண்டிய முதல் வாக்கியம். மூன்றாவதுதான் முக்கியம். காட்சியை முடித்துவிட்டு எழாதீர்கள். அவள் கதவைத் தட்டட்டும், திறப்பது யார் என்று நோட்டில் குறித்துவிட்டு எழுந்திருங்கள். மறுநாள் வெற்றுத் தாளை முறைத்துக்கொண்டிருக்க வேண்டியிருக்காது.

தீபாவளி மலருக்குச் சிறுகதை கேட்டால்? எழுதுங்கள், ஆனால் ஒரு அத்தியாயம் முடிந்த பிறகு, பத்து நாளுக்கு மிகாமல். கவிதைக்கு இந்தக் கட்டுப்பாடெல்லாம் இல்லை.

சில நாவல்களைக் கைவிடத்தான் வேண்டும். சலிப்பு வந்தது என்பதற்காக அல்ல, நடுப்பகுதியில் எல்லாருக்கும் சலிக்கும். கடைசிக் காட்சியை முன்கூட்டியே ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். மூன்று அமர்வு உட்கார்ந்தும் அது வரவில்லை என்றால் நிறுத்துங்கள். ஏன் நிறுத்தினீர்கள் என்பதை ஓர் அட்டையில் எழுதி அந்த உறைக்குள்ளேயே போடுங்கள். மறுநாள் வழக்கமான நேரத்துக்கு, உறையிலிருந்து ஒரே ஒரு அட்டையை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். நன்றி.