ஆதாயம் சாமானியருக்கே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

16, 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், போப்பைவிட வேதமே மேலானது என்ற புராட்டஸ்டண்டு சமயச் சிந்தனையால் பெரிதும் ஆதாயம் அடைந்தது அரியணையா, சாமானியரா? இதுதான் இன்றைய தலைப்பு. சாமானியரே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் வலுவாகவே பேசினார். 1534இல் எட்டாம் ஹென்றி இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தானே தலைவர் என்று சட்டம் போட்டுக்கொண்டார். அடுத்த சில ஆண்டுகளில் மடங்கள் எல்லாம் கலைக்கப்பட்டு, அவற்றின் நிலம் அரசர் கைக்கும் அவரிடம் விலைக்கு வாங்கியவர்கள் கைக்கும் போனது. எலிசபெத் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு வராதவருக்கு 12 பென்ஸ் அபராதம். உள்ளே போனால், 'அரசுக்குக் கீழ்ப்படி' என்று பிரசங்கம். இவ்வளவையும் சொல்லிவிட்டு, "வல்லான் வகுத்ததே வாய்க்கால்" என்று முடித்தார். இதில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் வாய்க்கால் வெட்டியவர் நினைத்த வயலில்தான் தண்ணீர் பாய்ந்ததா? அதையும் பார்க்க வேண்டும் அல்லவா?

1526இல் வில்லியம் டிண்டேல் மொழிபெயர்த்த ஆங்கிலப் புதிய ஏற்பாடு ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் அச்சாகி, சரக்கு மூட்டைகளில் ஒளிந்து இங்கிலாந்துக்குள் வந்தது. பிடிபட்ட பிரதிகளை லண்டனில் கொளுத்தினார்கள். அப்புறம் காற்று திசை மாறியது. 1538இல், ஒவ்வொரு ஊர்த் தேவாலயத்திலும் ஆங்கில பைபிள் ஒன்று இருக்க வேண்டும் என்று அரசர் பெயரால் அவருடைய அமைச்சர் தாமஸ் குரோம்வெல் உத்தரவு போட்டார். மறு ஆண்டு வெளிவந்த 'பெரிய பைபிள்' என்ற பதிப்பின் முகப்புப் படத்தைப் பாருங்கள். உச்சியில் அரியணையில் அமர்ந்து ஹென்றி வேதத்தை வழங்குகிறார். அது பிஷப்புகள் கைக்கும் பிரபுக்கள் கைக்கும் போகிறது. அடியில் ஜனங்கள் "அரசர் வாழ்க!" என்று கூவுகிறார்கள். ஹென்றி போட்ட கணக்கு அதுதான். வேதம் மேலிருந்து கீழே இறங்கும், கீழிருந்து வாழ்த்தொலி மேலே ஏறும்.

அந்தக் கணக்கு பலித்ததா, நடுவர் அவர்களே? ஐந்தே ஆண்டில், 1543இல், அதே ஹென்றியின் பாராளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. கைவினைஞர்கள், தொழில் பழகும் பையன்கள், வேலைக்காரர்கள், உழவர்கள், கூலியாட்கள், சாதாரணப் பெண்கள் யாரும் ஆங்கில பைபிளைப் படிக்கக் கூடாது. பிரபு தன் வீட்டாருக்கு வாசித்துக் காட்டலாம். பிரபு வீட்டுப் பெண் தனியே தனக்குள் படித்துக்கொள்ளலாம். யாரும் படிக்காத புத்தகத்துக்கு யாராவது தடை போடுவார்களா? யார் யார் படித்துக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு அந்தப் பட்டியலே சாட்சி.

அந்தச் சட்டம் யார் மேல் விழுந்தது என்று காட்டுகிறேன். இங்கிலாந்தின் செயின்ட்பரி என்ற ஊர்க் குன்றில் லாட்டிமர் என்பவரின் ஆடுகளை மேய்த்த ராபர்ட் வில்லியம்ஸ், 1546இல் ஒரு புத்தகம் வாங்கினார். ஆக்ஸ்போர்டிலிருந்து இன்னொருவர் வாங்கிக்கொண்டுவந்து கொடுத்தது. விலை 14 பென்ஸ். அது பைபிள் அல்ல. அந்தப் புத்தகத்தில் தன் கையாலேயே அவர் எழுதிவைத்தார்: ஆடு மேய்ப்பவர்கள் படிக்கக் கூடாது என்று புதிய ஏற்பாட்டை விலக்கிவைத்த காலத்தில் இதை வாங்கினேன், அந்தக் குருட்டுத்தனத்தைக் கடவுள் திருத்துவாராக. கீழே பெயர், குன்றின் பெயர், ஆண்டு.

அவருடைய எழுத்துக்கூட்டல் தாறுமாறானது. ஆனால் சொல்வதைக் கவனியுங்கள். நாட்டின் பாராளுமன்றம் போட்ட சட்டத்தை ஓர் ஆட்டிடையர் குருட்டுத்தனம் என்கிறார். அரசருக்கும் மேலே ஒருவரிடம் முறையிடுகிறார். பெயரையும் மறைக்கவில்லை. இப்படிப்பட்ட மனிதரை உருவாக்கிய சிந்தனையால் ஆதாயம் அரியணைக்குத்தான் என்று எதிரணி சொல்கிறது. என்னால் ஏற்க முடியவில்லை.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய நண்பர் ஒரு நியாயமான கேள்வி கேட்டார்: "படிக்கத் தெரிந்தவர்களே கொஞ்சம் பேர்; புத்தகம் வந்து யாருக்கு என்ன லாபம்?" உண்மைதான். அடுத்த நூற்றாண்டில், 1640களில்கூட, ஆண்களில் சுமார் 30 விழுக்காட்டினருக்குத்தான் கையெழுத்துப் போடத் தெரிந்திருந்தது. ஆனால் டெர்பி நகரத்து ஜோன் வேஸ்ட் என்ற பெண்ணைப் பற்றி, சமயத்துக்காக உயிர்விட்டவர்களின் வரலாற்றை எழுதிய ஜான் ஃபாக்ஸ் எழுதிவைத்ததைக் கேளுங்கள். முடிதிருத்துபவரின் மகள். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். சிறு வயதிலேயே காலுறையும் கைச்சட்டையும் பின்னக் கற்றுக்கொண்டார், கயிறு திரிக்கவும் துணை நின்றார். அந்த வருமானத்தில் மிச்சம் பிடித்து ஒரு புதிய ஏற்பாடு வாங்கினார். தனக்குத் தெரியாத எழுத்து நிறைந்த ஒரு புத்தகத்தை! கடனுக்காகச் சிறையில் கிடந்த எழுபது வயது முதியவர் ஒருவரிடம் போய், அதை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். அவருக்கு முடியாத நாளில் வேறு ஆளைத் தேடுவார். சும்மா வாசிக்க மாட்டேன் என்பவருக்கு ஒரு பென்னியோ இரண்டோ கொடுத்து, இத்தனை அதிகாரம் வாசிக்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்வார். கேட்டுக் கேட்டே பல அதிகாரங்கள் அவருக்கு மனப்பாடம் ஆயின.

கத்தோலிக்கரான மேரி அரசியின் காலத்தில் ஜோனை விசாரணைக்கு நிறுத்தினார்கள். கல்விமான்களுக்கு நடுவே நின்று, தான் நம்புவதைத் தன் வாயால் சொன்னார். 1556 ஆகஸ்ட் 1 அன்று எரித்துக் கொன்றார்கள். அப்போது வயது 22. மேரி காலத்தில் எரிக்கப்பட்டவர்கள் சுமார் 280 பேர். அவர்களில் பெரும்பாலோர் நெசவாளர், கூலியாள், வேலைக்காரப் பெண் என்று இருந்தவர்கள்தான். இந்தப் பெயர்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகிறது.

சரி, 1549இல் கார்ன்வால், டெவன் பகுதி மக்களே புதிய ஆங்கில வழிபாட்டை எதிர்த்துக் கிளர்ந்தார்களே என்று எதிரணியினர் கேட்டார்கள். ஆமாம், கிளர்ந்தார்கள். எங்களில் சிலருக்கு ஆங்கிலமே தெரியாது என்றார்கள். ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்று அடக்கியது அரசு. அந்தக் கொடுமைக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் சீர்திருத்தவாதிகளின் அடிப்படைக் கொள்கையே, மக்களுக்குப் புரியும் மொழியில் வழிபாடு என்பதுதான். கார்னிஷ் மொழி பேசிய கார்ன்வால் மக்களுக்கு அந்தக் கொள்கையை மறுத்ததுதான் அங்கே நடந்தது. பக்கத்தில் வேல்ஸ் இருக்கிறது. 1567இல் வெல்ஷ் மொழியில் புதிய ஏற்பாடு, 1588இல் வில்லியம் மோர்கனின் முழு பைபிள். வெல்ஷ் இன்றும் வீட்டிலும் பள்ளியிலும் பேசப்படுகிறது. கார்னிஷ் 18ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் அன்றாட வழக்கிலிருந்து போய்விட்டது. கொள்கை எங்கே உண்மையாக நடைமுறைக்கு வந்தது, யாருக்கு நன்மை செய்தது என்று நடுவரே எடை போடுங்கள்.

எலிசபெத்தைப் பற்றி ஒரு வார்த்தை. போதகர்கள் கூடி வேதத்தை விளக்க, ஊர் மக்கள் உட்கார்ந்து கேட்கும் கூட்டங்கள் அப்போது நடந்தன. அவற்றை நிறுத்தச் சொன்னார் அரசி. கேன்டர்பரி பேராயர் கிரிண்டல் 1576இல் அவருக்கே கடிதம் எழுதினார்: நீங்களும் சாகப் பிறந்தவர் என்பதை மறவாதீர்கள். அடுத்த ஆண்டே பேராயரின் அதிகாரத்தைப் பறித்தார்கள்.

இனி 1647க்கு வாருங்கள். லண்டனுக்கு அருகே பட்னி என்ற ஊரில், அரசரை எதிர்த்துப் போரிட்ட பாராளுமன்றப் படையின் வீரர்களுடைய பிரதிநிதிகளும் தளபதிகளும் நேருக்கு நேர் உட்கார்ந்து, யாருக்கு வாக்குரிமை என்று வாதிடுகிறார்கள். சொத்து உள்ளவனுக்குத்தான் என்கிறார் தளபதி அயர்ட்டன். வீரர்கள் பக்கம் நின்ற படை அதிகாரி ரெயின்ஸ்பரோ எழுந்து, இங்கிலாந்தின் மிக ஏழைக்கும் மிகப் பெரியவரைப் போலவே வாழ ஒரு வாழ்வு உண்டு என்கிறார். அதோடு நிற்கவில்லை. ஒரு பிரபு இருபது உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கலாம், ஏழை ஒருவரைக்கூடத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று கடவுளின் சட்டத்தில் எங்கும் நான் காணவில்லை என்கிறார். 'வேதத்தில் எங்கே இருக்கிறது, காட்டு' என்று போப்பைப் பார்த்துக் கேட்கப் பழகியவர்கள், அதே கேள்வியைப் பிரபுக்களைப் பார்த்துக் கேட்டார்கள்.

பெண்களும் கேட்டார்கள். மக்களுக்குச் சம உரிமை கேட்ட லெவலர் இயக்கத்தின் தலைவர்கள் சிறையில் இருந்தார்கள்; அவர்களை விடுவிக்கக் கோரி 1649 ஏப்ரலில் மனுவோடு போன பெண்களிடம், இது உங்களுக்குப் புரியாத விஷயம், வீட்டு வேலையைப் போய்ப் பாருங்கள் என்றது பாராளுமன்றம். மே மாதம் திரும்பவும் வந்தார்கள். நாங்களும் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவர்கள், கிறிஸ்துவில் ஆண்களுக்குச் சமமான பங்கு எங்களுக்கும் உண்டு என்று மனுவின் தொடக்கத்திலேயே எழுதியிருந்தார்கள். கேட்டது கிடைத்ததா? இல்லை. ஆனால் இப்படிக் கேட்கும் துணிவை அவர்களுக்கு எந்த அரியணையும் கொடுக்கவில்லை.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரு கேள்வி வைக்கிறேன். பைபிளின் யாத்திராகமம் என்ற நூலில், ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன எகிப்து மன்னனின் ஆணையை மருத்துவச்சிகள் மீறுகிறார்கள். இங்கிலாந்து வீடுகளில் பரவியிருந்த, ஜெனீவா பைபிள் என்ற ஆங்கில மொழிபெயர்ப்பின் ஓரக் குறிப்பு, அவர்கள் கீழ்ப்படியாதது நியாயமே என்றது. 1604இல் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் நடந்த சமய மாநாட்டில் அரசர் முதலாம் ஜேம்ஸ் அந்தக் குறிப்பைத்தான் எடுத்துக் காட்டிக் கண்டித்தார். இந்தச் சிந்தனை அரியணையின் சொத்து என்றால், பக்கத்தின் ஓரத்தில் இருந்த ஒற்றை வரியைப் பார்த்து அரியணையில் இருந்தவர் ஏன் கலங்க வேண்டும்? பதிலைக் கேட்கக் காத்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.