அம்மம்மா கேட்ட கேள்வி

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'வம்சத்தின் வேரைக் காட்டுவது தந்தை வழியே' என்று எதிரணி நண்பர் முழங்கினார். அவர் காட்டிய சான்றுகள்: பெயரின் முதலெழுத்து, காணி உறுதி என்கிற நிலப் பத்திரம், பிறப்புப் பத்திரம். எல்லாம் காகிதம். நான் மட்டக்களப்புக்காரி. 1978 நவம்பர் 23 அன்று அடித்த சூறாவளியில் எங்கள் வீட்டுக் கூரையோடு பெட்டகத்துக் காகிதங்களும் போயின. குடி என்று நாங்கள் சொல்லும் வம்சப் பிரிவு போகவில்லை!

எங்கள் பக்கத்தில் குடி தாயின் வயிற்றோடு வருவது. அம்மாவின் குடியே மகனுக்கும் மகளுக்கும். மகனுடைய பிள்ளைகளோ அவன் மனைவியின் குடியில் சேர்ந்துவிடுவார்கள். மகள்தான் குடியை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோகிறாள். இந்தத் தொடருக்கு 'வயிற்றுவார்' என்று பெயர். என்ன அழகான சொல்! கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் ஆலயத்துக்கு வந்து பாருங்கள். யார் வண்ணக்கர் என்ற கோயில் நிருவாகியாகலாம், எந்த மரியாதை யாருக்கு என்பதெல்லாம் குடியைப் பார்த்தே தீரும். அக்கரைப்பற்று முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடி உண்டு. மதம் வேறு, வயிற்றுவார் கணக்கு ஒன்று.

'அந்த வண்ணக்கர் ஆண்தானே?' என்று எதிரணியினர் மடக்கினார்கள். ஆம், ஆண்தான். பொறுப்பு ஆண்களின் கைக்கே போவது எனக்கும் வலிக்கிற குறை. அதை மூடி மறைக்க மாட்டேன். ஆனால் அந்த நாற்காலியில் அமர அவருக்குத் தகுதி தந்தது யார்? அவருடைய தாய். தந்தையின் குடியைச் சொல்லி அவர் அங்கே ஒரு நொடிகூட நிற்க முடியாது.

'பழைய வழக்கம், செத்துவிட்டது' என்றும் சொன்னார்கள். முக்குவர் சட்டம் என்ற எங்கள் பகுதியின் பழைய வழக்குச் சட்டப்படி, முதுசம் எனும் பரம்பரைச் சொத்து தாய்வழியில் சகோதரியின் மகனுக்குப் போனது. 1876இல் ஆங்கிலேயரின் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம் வந்தபின் அந்த முறை வழக்கொழிந்தது. செத்தது சொத்துச் சட்டம். குடி இன்றும் கேட்கப்படுகிறது. வீடு இன்றும் மகளுக்கே சீதனமாகப் போகிறது. அதனால் அக்காள் தங்கைகள் அடுத்தடுத்த வளவுகளில் வாழ்கிறார்கள். ஒரு தெருவில் நடந்தாலே ஒரு வயிற்றுவாரைக் கண்ணால் காணலாம். அறிவியலும் இந்தப் பக்கம்தான்: உயிரணுவின் மைட்டோகாண்டிரியாவில் உள்ள மரபணுவைத் தாயிடமிருந்தே பெறுகிறோம், அதை அடுத்த தலைமுறைக்குத் தருபவள் மகள்.

கடைசியாக ஒன்று. என் மாமாவுக்குப் பெண் பார்த்தார்கள். வேறு ஊர், தந்தை வழியில் எந்தத் தொடர்பும் இல்லை. நண்பர் நம்புகிற காகிதங்களை அடுக்கி வைத்தாலும் தடை ஏதும் தெரிந்திருக்காது. எல்லாம் பேசி முடித்த வேளையில் அம்மம்மா ஒன்றே ஒன்று கேட்டார்: "பெண்ணின் தாய் என்ன குடி?" பதில் வந்தது. எங்கள் குடி! அம்மம்மா வெற்றிலை வட்டாவை மெல்லத் தள்ளி வைத்துவிட்டு மாமாவைப் பார்த்தார்.

"எழும்பு மகனே. இவள் உனக்குத் தங்கச்சி."