மிச்சம் யார் கணக்கில் இருக்கிறது?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

தொழிற்சாலைகளின் ஆண்டறிக்கைகளில் உற்பத்தித்திறன் இத்தனை விழுக்காடு உயர்ந்தது, செலவு இத்தனை விழுக்காடு குறைந்தது என்று அச்சாகும் எண்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். எதை எதனால் வகுத்து அந்த எண்ணைப் பெற்றார்கள் என்று கேட்காமல் அவற்றை ஏற்றுக்கொள்ளலாகாது என்பதே என் வாதம்.

ஓர் ஆலையில் 100 பேர் நாளொன்றுக்கு 1,000 உருப்படிகள் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம், தலைக்குப் பத்து. பேக்கிங் பிரிவில் உள்ள 20 பேரின் வேலையை வெளி ஒப்பந்ததாரரிடம் கொடுத்துவிட்டால், ஆலையின் கணக்கில் 80 பேரே மிஞ்சுவர், தலைக்கு 12.5 ஆகிவிடும். உற்பத்தித்திறன் 25 விழுக்காடு உயர்ந்தது என்று அறிக்கை சொல்லும். எந்த இயந்திரமும் முன்பைவிட வேகமாக ஓடவில்லை. பேக்கிங் வேலை வேறொருவருடைய சம்பளப் பட்டியலுக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். உழைப்பவர்கள் இப்படிக் கணக்கிலிருந்தே மறைந்துபோவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. உற்பத்தியின் மதிப்பிலிருந்து, வெளியே வாங்கிய பொருள்களையும் சேவைகளையும் கழித்து, எஞ்சும் கூட்டிய மதிப்பை உழைத்த மணிகளால் வகுத்தால் இந்த மயக்கம் பெரும்பாலும் தெளியும்.

அப்போதும் இயந்திரம் போன்ற மூலதனத்தின் பங்கு தனியே தெரியாது. பொருளியல் அறிஞர் ராபர்ட் சோலோ 1957-இல் வெளியிட்ட கட்டுரையில், அமெரிக்காவில் 1909 முதல் 1949 வரை ஒரு மணி நேர உழைப்பின் உற்பத்தி ஏறத்தாழ இரு மடங்கானதை ஆராய்ந்து, அந்த உயர்வில் எட்டில் ஒரு பங்கே கூடுதல் மூலதனத்தால் வந்தது, மற்ற ஏழு பங்கும் தொழில்நுட்ப மாற்றத்தால் வந்தது என்று கணக்கிட்டார். ஒரு நாட்டின் நாற்பதாண்டு வளர்ச்சியையே அப்படிப் பிரித்துப் பார்க்க முடிந்திருக்கும்போது, ஓர் ஆலையின் ஓராண்டு உயர்வைப் பிரித்துக் காட்டும்படி கேட்பது மிகையாகாது.

விநியோகச் சங்கிலியில் சொல்லப்படும் மிச்சத்துக்கும் இதே சோதனை வேண்டும். சரக்கு இருப்பின் மதிப்பு 100 என்றால், அதை 60 ஆக்கும்போது 40 பணமாகக் கைக்கு வரும். ஆனால் அது ஒரே முறை வருவது. ஆண்டுதோறும் மிச்சமாவது அந்த 40-க்கான வட்டி, கிடங்கு வாடகை, காப்பீடு, சேதம் ஆகியவைதாம். இவை சரக்கு மதிப்பில் 20 விழுக்காடு என்றால், ஆண்டு மிச்சம் 8. நாற்பதையும் ஆண்டு மிச்சமாக எழுதிவிட்டு, மறு ஆண்டு செலவு ஏன் குறையவில்லை என்று திகைப்பதில் பயனில்லை. சப்ளையருக்குப் பணம் கொடுக்கும் தவணையை நீட்டிப்பதும் இத்தகையதே. அவர் கட்டும் வட்டி இன்றில்லாவிட்டால் நாளை விலையில் ஏறும்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் உறுத்துவது சராசரி. நாளொன்றுக்கு 100 உருப்படிகள் தேவைப்படும் ஓர் ஆலைக்கு இரண்டு சப்ளையர்கள் இருக்கிறார்கள். முதலாமவரின் சரக்கு சராசரியாக 8 நாளில் வருகிறது, ஆனால் 3 நாளிலும் வரும், 13 நாளிலும் வரும். இரண்டாமவர் சராசரியாக 10 நாள் எடுத்துக்கொள்கிறார். 9-க்குக் குறைவதுமில்லை, 11-ஐத் தாண்டுவதுமில்லை. சராசரியை மட்டும் பார்ப்பவர் முதலாமவரையே தேர்ந்தெடுப்பார். தட்டுப்பாடு வராமலிருக்க அவருக்காக 5 நாள் காப்பு இருப்பு, அதாவது 500 உருப்படிகள் வேண்டும். இரண்டாமவருக்கு 100 போதும். சராசரியில் குறைந்த அந்த இரண்டு நாள் கொள்முதல் பிரிவின் சாதனையாகப் பதிவாகிறது. கூடுதலான அந்த 400 உருப்படிகளோ கிடங்குப் பிரிவின் ஏட்டில் செலவாகக் கிடக்கின்றன.