செகண்ட் கிளாஸ் வாங்கின மேரி கார்ட்ரைட்

எல்லாருக்கும் வணக்கம். நான் மாட்டுங்கால பொறந்து வளர்ந்தவ, 31 வருஷம் இதே மும்பைல காலேஜ்ல கணக்கு எடுத்துட்டு ரிட்டயர் ஆனவ. எங்க ஸ்டாஃப் ரூம்ல எப்பவும் ஒரு பேச்சு ஓடும், பிரின்சிபால் ஆயிட்டா அதோட கணக்கு போச்சு, அட்மிஷன், மீட்டிங், கையெழுத்துன்னே நாள் ஓடிடும்னு. அப்படி விடாம ரெண்டையும் பிடிச்சுக்கிட்டு இருந்தவங்க ஒருத்தங்க, மேரி கார்ட்ரைட். இங்கிலாந்துல கணக்கு ஆராய்ச்சி பண்ணினவங்க, 1900ல பொறந்தவங்க.

1919ல ஆக்ஸ்ஃபோர்ட்ல சேர்றாங்க. முதல் உலகப்போர் முடிஞ்சு ஆம்பளைப் பசங்கல்லாம் திரும்பி வந்து கிளாஸ் ரூம் பூரா நெரிசல், சில நாள் உள்ளயே போக முடியாம, இன்னொருத்தர் நோட்ஸை வாங்கிப் படிச்சிருக்காங்க. அந்தப் போர்ல இவங்களோட அண்ணன்கள் ரெண்டு பேர் திரும்பவே இல்ல, அதையும் மனசுல வச்சுக்கோங்க. 1921ல பரீட்சை எழுதினா செகண்ட் கிளாஸ். கணக்கை விட்டுட்டு வரலாறு படிச்சுடலாமான்னு யோசிச்சாங்க. செகண்ட் கிளாஸ்னு சொல்லி அழுதுட்டு வந்த எத்தனை பொண்ணுங்களுக்கு இந்தக் கதையை நான் சொல்லியிருப்பேன் தெரியுமா!

அப்போ படகுப்போட்டி வாரம், ஒரு படகுல பார்ட்டி. அங்க மார்ட்டன்னு ஒருத்தரைப் பாக்கறாங்க, அவர் சொல்றார், விட்டேக்கரும் வாட்சனும் அனலிசிஸ்ங்கற கணக்குப் பிரிவைப் பத்தி எழுதின புத்தகத்தைப் படி, ஹார்டி சாயங்காலம் நடத்தற வகுப்புக்குப் போன்னு. எந்த ஹார்டி? நம்ம ராமானுஜனை கேம்பிரிட்ஜுக்கு வரவழைச்ச ஹார்டி தாங்க! ராமானுஜன் 1919ல ஊர் திரும்பினார், அதே வருஷம் ஹார்டி கேம்பிரிட்ஜை விட்டு ஆக்ஸ்ஃபோர்ட் வந்துட்டார். அந்த வகுப்புல போய் உக்காந்தாங்க, 1923ல கடைசிப் பரீட்சைல ஃபர்ஸ்ட் கிளாஸ். அப்புறமும் நேரா ஆராய்ச்சிக்குப் போயிடல, நாலு வருஷம் ஸ்கூல் டீச்சர், 1928ல திரும்ப வந்து ஹார்டிகிட்டயே டாக்டரேட்.

இப்போ ரேடியோ. இந்த ரேடியோ ஸ்டேஷன்ல உக்காந்து இதைச் சொல்லாம போக மனசு வராது. எங்க அப்பா ராத்திரி இலங்கை வானொலி பிடிக்க வால்வ் ரேடியோ குமிழைத் திருப்புவார், கொஞ்சம் கூடுதலா போனா கீய்ங்னு ஊளையிடும், ஞாபகம் இருக்கில்ல? வால்வ் சர்க்யூட்ல கரன்ட் தானா ஏறி இறங்கி ஆடறதுக்கு வான் டெர் போல்ங்கற டச்சுக்காரர் ஒரு சமன்பாடு எழுதி வச்சிருந்தார். நம்ம வீட்டு ஊஞ்சலை நினைச்சுக்கோங்க. ஆட்டம் குறைஞ்சா யாரோ தள்ளி விடற மாதிரியும், ரொம்ப வீசினா யாரோ பிடிச்சு நிறுத்தற மாதிரியும் ஒரு ஊஞ்சல், அதுவா ஒரு தாளத்துல ஆடும். இப்போ வெளியிலிருந்து இன்னொருத்தர் தன் தாளத்துக்குத் தள்ளினா என்ன ஆகும்? இது தான் கேள்வி.

1938ல அரசாங்கத்தோட ரேடியோ ஆராய்ச்சிக்காரங்க, இந்த மாதிரி சமன்பாடுகளுக்கு உதவி வேணும்னு லண்டன் கணித சங்கத்துகிட்ட கேக்கறாங்க, ரேடார் வர்ற காலம். கார்ட்ரைட் கேம்பிரிட்ஜ் கணக்கு மேதை லிட்டில்வுட்டைச் சேத்துக்கிட்டு இறங்கறாங்க, பாதி வேலை லெட்டர்லயே நடந்தது. கண்டுபிடிச்சது என்னன்னா, அதே ஊஞ்சல், அதே தள்ளல், ஆனா ஆரம்பிக்கற விதத்தைப் பொறுத்து ரெண்டு வேற வேற தாளத்துல போய் நிக்கும், நடுவுல எந்தத் தாளத்துக்கும் அடங்காத ஆட்டமும் உண்டு! ஆம்ப்ளிஃபையர் தாறுமாறா போனா செஞ்ச கம்பெனியைத் திட்டிட்டு இருந்தாங்க, கோளாறு சமன்பாட்டுக்குள்ளயே இருக்குன்னு இவங்க காட்டினாங்க. 1945ல கட்டுரை வந்தது. கேயாஸ்னு இதுக்குப் பேர் வந்ததெல்லாம் 1970கள்ல, அந்தச் சமயத்துல இதோட அருமை யாருக்கும் சரியா புரியல.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டறாங்க, ரெண்டு நிமிஷம் கூட இல்ல, காலேஜ் விஷயத்தைத் தான் கடைசிக்கு வச்சிருந்தேன், வேகமா சொல்லிடறேன். 1947ல இங்கிலாந்தோட பெரிய அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டி இவங்களை ஃபெல்லோ ஆக்குச்சு, அப்போ இவங்க இருந்த கேம்பிரிட்ஜ்ல பொண்ணுங்களுக்கு முழு டிகிரியே கிடையாது, அது 1948ல தான் வந்தது. 1949ல அங்க கிர்ட்டன் காலேஜுக்குத் தலைவி ஆனாங்க, 1968 வரைக்கும். இவங்க எழுதின இன்டெக்ரல் ஃபங்ஷன்ஸ்ங்கற கணக்குப் புத்தகம் 1956, லண்டன் கணித சங்கத்துக்கு முதல் பெண் தலைவரானது 1961, ராயல் சொசைட்டியோட சில்வெஸ்டர் மெடல் 1964. தேதியைப் பாருங்க, எல்லாமே அந்த நாற்காலில உக்காந்திருந்தப்போ தான்.

நேரம் முடிஞ்சது. நன்றி, வணக்கம்.