கைவிடப்பட்ட ஃப்ளாஷ் கேம் ஓடியிருக்குமா?

நேயர்களுக்கு வணக்கம். வெளிவராமலே போன ஒரு வீடியோ கேமைப் பற்றி இன்று பேசப்போகிறேன். வராத கேமைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். நான் வேலூரில் பிள்ளைகளுக்கு கேம் புரோகிராமிங் சொல்லிக்கொடுக்கிறவன். வந்து ஜெயித்த கேமைப் பற்றிப் பாடம் எடுத்தால் வகுப்பே தலையாட்டும். வராமல் போன கேமை எடுத்தால் சண்டை வரும். எனக்கு அந்தச் சண்டைதான் வேண்டும்.

ஃப்ளாஷ் என்கிற சூப்பர் ஹீரோவைப் பலருக்குத் தெரிந்திருக்கும். சிவப்பு உடை, நெஞ்சில் மின்னல் குறி. 1940-ல் அமெரிக்கக் காமிக்ஸில் பிறந்த பெயர். இப்போது நாம் பார்க்கிற பேரி ஆலன் 1956-ல் வந்தவர். பறக்க மாட்டார், மலையைத் தூக்க மாட்டார். ஓடுவார், அவ்வளவுதான். ஆனால் அந்த ஓட்டத்துக்கு எல்லை கிடையாது.

2007-ல் அமெரிக்காவில் பிராஷ் எண்டர்டெய்ன்மெண்ட் என்று ஒரு கம்பெனி தொடங்கினார்கள். சினிமாவையும் காமிக்ஸையும் வைத்து கேம் வெளியிடுவது அவர்கள் தொழில். அவர்கள் வெளியிட்டவற்றில் சினிமாவை ஒட்டி வந்த ஜம்ப்பர் கேமை விமர்சகர்கள் பிரித்து மேய்ந்துவிட்டார்கள். அதே கம்பெனி கையில் இரண்டு பெரிய பெயர்கள் இருந்தன. சூப்பர்மேன் கேமை ஃபேக்டர் 5 என்ற ஸ்டூடியோவும், ஃப்ளாஷ் கேமை பாட்டில்ராக்கெட் என்ற ஸ்டூடியோவும் செய்துகொண்டிருந்தன. 2008 நவம்பரில் பிராஷ் கடையைச் சாத்தியது. இரண்டு கேமும் அதோடு நின்றன. அடுத்த வருடமே பாட்டில்ராக்கெட்டும் மூடப்பட்டது. அமெரிக்காவில் இருந்த ஃபேக்டர் 5-ம் அதே 2009-ல் முடிந்துபோனது. ஃப்ளாஷ் கேமின் அரைகுறைக் காட்சிகள் சில பின்னாளில் இணையத்தில் கசிந்தன. ரசிகர்கள் இன்றும் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள்.

கேம் சரியில்லை என்று யாரும் நிறுத்தவில்லை. மேஸ்திரி ஒழுங்காகத்தான் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார், வீட்டுக்காரர் கையில் காசு தீர்ந்துபோனது, அந்த மாதிரி. இதைச் சொன்னவுடன் வகுப்பில் எல்லாரும் ஒரே தீர்ப்புக்கு வந்துவிடுவார்கள்: காசு இருந்திருந்தால் கேம் ஓடியிருக்கும். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. காசு இருந்திருந்தால் கேம் வந்திருக்கும். ஓடியிருக்குமா என்பது வேறு கேள்வி.

ஏன் என்று பார்க்க நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். ஃப்ளாஷ் ஒலியின் வேகத்தில் ஓடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அது நடைப்பயிற்சி மாதிரி. ஒலியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர். வேலூர்க் கோட்டை வாசலில் கிளம்பினால் கிரீன் சர்க்கிள், பாலாற்றுப் பாலம் எல்லாம் தாண்டி காட்பாடி ஜங்ஷன் போய்ச்சேர இருபது நொடிகூட ஆகாது. சென்னைக்கு ஏழு நிமிடம். அன்றைக்கு இருந்த பெரிய கேம் நகரங்களே ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை சில கிலோமீட்டர்தான். இரண்டு வருடம் உழைத்து ஒரு நகரத்தைக் கட்டுகிறீர்கள், விளையாடுகிறவர் அதை ஒரு கொட்டாவி விடுகிற நேரத்தில் கடந்துவிடுகிறார்.

அது சின்னப் பிரச்சினை. பெரிய பிரச்சினை நம் கட்டை விரலில் இருக்கிறது. கண்ணில் ஒன்று பட்டு, மூளை புரிந்துகொண்டு, விரல் பட்டனை அழுத்த ஏறக்குறைய கால் நொடி ஆகும். நொடிக்கு 340 மீட்டர் என்றால் அந்தக் கால் நொடியில் 85 மீட்டர் போய்விட்டது. லாங் பஜாரில் ஒரு தள்ளுவண்டி குறுக்கே நிற்பதைப் பார்த்து நீங்கள் திரும்ப நினைப்பதற்குள் வண்டியும் போயிருக்கும், அதற்குப் பின்னால் இருந்த பத்துக் கடையும் போயிருக்கும். ஃப்ளாஷுக்கு வேகமான கால் இருக்கிறது, அதைவிட வேகமான மூளையும் இருக்கிறது. கன்ட்ரோலரைப் பிடித்திருக்கிற நமக்கு இரண்டும் இல்லை.

ரேஸ் கேம்கள் ஓடுகிறதே சார் என்பார்கள். ஓடுகிறது. மணிக்கு 300 கிலோமீட்டரில் போகிற கார் அந்தக் கால் நொடியில் 21 மீட்டர்தான் போகும். பாதை அகலம், வளைவு தூரத்திலேயே தெரியும், குறுக்கே யாரும் வர மாட்டார்கள். இவ்வளவு சலுகை கொடுத்துத்தான் அங்கே வேகத்தைக் காட்டுகிறார்கள். 1991-ல் வந்த, நீல முள்ளெலி ஓடுகிற சோனிக் கேமும் அப்படித்தான், போட்டு வைத்த தடத்தில் ஓட்டம். சந்து பொந்து உள்ள ஊரில் இஷ்டப்படி ஓடு என்று விட்டால் விளையாடுகிறவர் சுவரில் முட்டிக்கொண்டே இருப்பார். மோதுவதற்குப் பயந்து மெதுவாகப் போவார். மெதுவாகப் போகிற ஃப்ளாஷை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

மெஷினும் ஒத்துழைத்திருக்காது. ஓடுகிறவருக்கு முன்னால் வரும் தெருவை மெஷின் டிஸ்கிலிருந்து படித்துத்தான் திரையில் காட்ட வேண்டும். அன்றைய கேம் மெஷினான பிளேஸ்டேஷன் 3-ன் புளூரே டிரைவ் நொடிக்கு 9 எம்பி படிக்கும். அதன் போட்டி மெஷின் எக்ஸ்பாக்ஸ் 360-ல் மொத்த நினைவகமே 512 எம்பி, அதிலும் விலை குறைந்த மாடல்கள் ஹார்ட் டிஸ்க் இல்லாமலே விற்பனைக்கு வந்தன. நூறு மீட்டர் தெருவுக்குப் பத்து எம்பி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், ஒலி வேகத்தில் ஓடுகிற ஆளுக்கு நொடிக்கு 34 எம்பி வேண்டும். கால் முன்னே போகும், தெரு பின்னால் வந்து சேரும். இந்தத் தடை இப்போது இல்லை. ஸ்பைடர்மேன் கேமில் ஊரின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நேராக இடம் மாறினால் புது இடம் திரையில் வர பிளேஸ்டேஷன் 4 புரோவில் 15 நொடி ஆனது, அடுத்த மாடலின் சோதனைப் பெட்டியில் 0.8 நொடி ஆனது என்று 2019-ல் அந்த மெஷினை வடிவமைத்த மார்க் செர்னி செய்துகாட்டினார். அந்த அடுத்த மாடலான பிளேஸ்டேஷன் 5 படிக்கிற வேகம் நொடிக்கு 5.5 ஜிபி. ஆக, மெஷின் வளர்ந்துவிட்டது. நம் கட்டை விரல் 2008-ல் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

வரம்பில்லாத ஹீரோவை வைத்துப் பிறர் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 2006-ல் வந்த சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ் கேமில் சூப்பர்மேனுக்கு உயிர்க்கோடு, அதாவது அடி வாங்க வாங்கக் குறைகிற கோடு, கிடையாது, ஊருக்குத்தான் உண்டு. மெட்ரோபோலிஸ் நகரம் அடி வாங்கிக்கொண்டே போனால் நீங்கள் தோற்றீர்கள். கேம் சுமார்தான், யோசனை பிரமாதம். 2013-ல் வந்த இன்ஜஸ்டிஸ் சண்டை கேமில் ஃப்ளாஷ் உண்டு. அதில் அவர் உலகத்தையே ஒரு சுற்று ஓடிவந்து எதிரியைக் குத்துவார். பார்க்க அட்டகாசம். ஆனால் அந்த நேரத்தில் நம் கைக்கு வேலை இல்லை, அது ஒரு குட்டிப் படம். 2024-ல் வந்த சூசைட் ஸ்குவாட் கேமில் ஃப்ளாஷையே எதிரியாக்கிவிட்டார்கள். இத்தனை வருடத்தில் பெரிய பட்ஜெட்காரர்கள் அவரோடு மோத வைத்திருக்கிறார்கள், அவரையே நாயகனாக்கி ஊரைச் சுற்ற விடும் கேமை வெளியிடவில்லை. காரணம் இருக்கிறது.

அப்படியென்றால் ஃப்ளாஷ் கேம் முடியவே முடியாதா? முடியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கசிந்த காட்சிகளில் பார்த்த மாதிரி, ஓடிப்போய் நாலு பேரை அடிக்கிற கேமாக இருந்தால் முடியாது. விளையாடுகிறவருக்குக் கொடுக்க வேண்டியது நேரம்.

நேதாஜி மார்க்கெட்டை ஒரு லெவலாக நினைத்துக்கொள்ளுங்கள். காலை நேரம், சரியான கூட்டம். பிரேக் பிடிக்காத லோடு ஆட்டோ ஒன்று உள்ளே வருகிறது. பட்டனை அழுத்துகிறீர்கள். எல்லாம் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. தட்டிவிட்ட கூடையிலிருந்து இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய் அந்தரத்தில் நிற்கிறது. டீ கிளாஸிலிருந்து சிந்திய டீ நாக்கு மாதிரி வெளியே நீண்டு நிற்கிறது. நீங்கள் நடக்கிறீர்கள், ஊர் கண்ணுக்கு அது ஓட்டம். ஆட்டோவின் ஹேண்டிலைத் திருப்புவதா, குறுக்கே நிற்கிற பெரியவரை நகர்த்துவதா, வடைச்சட்டி கவிழாமல் பிடிப்பதா? வெறும் கையோடு எவ்வளவு வேகமாகவும் போகலாம். ஆனால் ஒரு மனிதரைத் தூக்கிக்கொண்டு அந்த வேகத்தில் போனால் அவர் கழுத்து தாங்காது. ஆளைத் தூக்கினால் மெதுவாகத்தான் போக வேண்டும், மெதுவாகப் போனால் ஆட்டோ நகர ஆரம்பித்துவிடும். இங்கேதான் விளையாட்டு இருக்கிறது. வேகத்துக்கு ஒரு விலை வந்துவிட்டது.

எல்லாம் முடிந்து பட்டனை விட்டவுடன் நடந்ததை நிஜ வேகத்தில் ஒரு முறை காட்ட வேண்டும். அரை நொடி. ஒரு சிவப்புக் கோடு, ஆட்டோ மூட்டை மேல் சாய்கிறது, பெரியவர் பத்தடி தள்ளி நின்று முழிக்கிறார். நாம் இரண்டு நிமிடம் மண்டையை உடைத்துக்கொண்டது ஊருக்கு அரை நொடி. நான் ஃப்ளாஷ் என்கிற உணர்வு அந்த இடத்தில்தான் வரும். 2016-ல் வந்த சூப்பர்ஹாட் கேமில் நாம் நகர்ந்தால்தான் காலமும் நகரும். அது பெரிய கம்பெனி செய்ததல்ல, சின்னக் குழு செய்தது. காலத்தைப் பிடித்து விளையாடக் கோடிக்கணக்கில் காசு வேண்டியதில்லை என்பதற்கு எனக்கு அது போதும்.

இதைச் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, "சார், ஃப்ளாஷ் கேம்ல நடந்துட்டே இருக்கணுமா? ஓடத்தானே காசு குடுத்தோம்?" என்று கேட்டாள். நியாயம். ஓட்டமும் வேண்டும், ஊருக்குள் வேண்டாம். சத்துவாச்சாரி தாண்டி வாலாஜா பக்கம் போகிற சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலை மாதிரி அகலமான, வளைவு முன்னாலேயே தெரிகிற பாதையில் ஓட விடலாம். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும் நேரத்துக்கு அது போதும். அவள் அரை மனதாகத்தான் உட்கார்ந்தாள்.

சரி, இனிமேல் பெரிய கம்பெனி யாராவது செய்வார்களா? எனக்கு நம்பிக்கை இல்லை. ஃப்ளாஷ், சூப்பர்மேன் எல்லாம் டிசி என்ற காமிக்ஸ் கம்பெனியின் ஹீரோக்கள், அவர்கள் உரிமை வார்னர் என்ற சினிமா கம்பெனி வசம் இருக்கிறது. 2021 டிசம்பரில் அறிவித்த வொண்டர் வுமன் கேமை 2025 பிப்ரவரியில் அவர்களே நிறுத்தினார்கள். அதைச் செய்துகொண்டிருந்த மோனோலித், 1994-ல் தொடங்கிய ஸ்டூடியோ, அதையும் சேர்த்து மூடினார்கள். ஷேடோ ஆஃப் மோர்டார் மாதிரி பேர்போன கேமைக் கொடுத்தவர்களுக்கே அந்தக் கதி. இந்த நிலைமையில், எப்படி விளையாடுவது என்றே விடை தெரியாத ஒரு ஹீரோ மேல் யார் பணம் போடுவார்கள்?

அதனால் என் பிள்ளைகளிடம் சிவப்பு உடையை மறந்துவிடச் சொன்னேன். உரிமம் கேட்க நமக்கு வழியும் இல்லை, வக்கீலும் இல்லை. கேம் செய்ய கோடோ மாதிரி இலவச மென்பொருள் இருக்கிறது, மார்க்கெட் பக்கத்திலேயே இருக்கிறது. ஹீரோ ஒரு கூரியர் பையனாக இருக்கட்டும். ஒன்றுக்குத்தான் இன்னும் விடை வரவில்லை: இவ்வளவு வேகமானவனுக்கு எதிரி யார்? காமிக்ஸில் கேப்டன் கோல்ட் என்று ஒருவன் பனித் துப்பாக்கியோடு வருவான். தரை உறைந்து வழுக்கினால் ஓடுகிறவன் திரும்பவும் முடியாது, நிற்கவும் முடியாது. நல்ல எதிரி, ஆனால் அவனும் டிசியின் சொத்து. வழுக்கும் தரைதானே வேண்டும் என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டான், மழை பெய்த மறுநாள் மார்க்கெட்டுக்குள் போனால் போதுமே என்றான். அந்த மழை லெவலைத்தான் முதலில் செய்துகொண்டிருக்கிறார்கள். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.