590 ரூபாய் வித்தியாசம்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். பி.காம்., பி.பி.ஏ. முடித்தவர்கள் வேலையில் திணறக் காரணம் மாணவரின் அக்கறையின்மையா, வகுப்பறையின் போதாமையா என்பது இன்றைய தலைப்பு. எதிரணி நண்பர் இப்போதுதான், "கையில் செல்போன் இருக்கிறது, யூடியூபில் எல்லாப் பாடமும் இருக்கிறது, இந்தப் பிள்ளைகளுக்கு அக்கறைதான் இல்லை" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிவிட்டு உட்கார்ந்தார். நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகத்தில் 16 வருடமாகக் கணக்குப் பார்க்கிறேன். புதிதாகச் சேருகிற பிள்ளைகள் முதலில் உட்காருவது என் மேசைக்குப் பக்கத்தில்தான். அங்கே பார்த்ததைச் சொல்கிறேன்.

போன ஜூன் மாதம் ஒரு பெண் சேர்ந்தாள். பி.காம். முதல் வகுப்பு. வங்கி ஸ்டேட்மென்ட்டையும், டேலி என்ற கணக்கு மென்பொருளில் நாங்கள் பதிந்த கணக்கையும் கொடுத்து, "ரெண்டும் ஒத்துப்போகலை, என்னன்னு பாரும்மா" என்றேன். வித்தியாசம் 590 ரூபாய். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவள் சாப்பாட்டுக்குக்கூட எழவில்லை. சாயங்காலம் கண் கலங்கிவிட்டது. "வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் கணக்குல முழு மார்க் வாங்கினேன் சார்" என்றாள்.

வாங்கியிருப்பாள். ஆனால் அந்தப் பரீட்சைக் கேள்வியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இந்தக் காசோலை இன்னும் வங்கிக்கு வரவில்லை, இந்தக் கட்டணத்தை வங்கி பிடித்துக்கொண்டது என்று வித்தியாசத்துக்கான காரணங்களைக் கேள்வியிலேயே வரிசையாகக் கொடுத்திருப்பார்கள். மாணவர் கூட்டிக் கழித்தால் போதும். அலுவலகத்தில் அந்தக் காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலையே! நடந்தது இதுதான்: ஒரு காசோலை திரும்பி வந்திருந்தது. அதைப் பதிந்த நாங்கள், வங்கி பிடித்த கட்டணத்தைப் பதியவில்லை. கட்டணம் 500, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 90. அவள் நாள் முழுக்க 590-ஐத் தேடியிருக்கிறாள். ஸ்டேட்மென்ட்டில் 500 ஒரு வரி, 90 இன்னொரு வரி. அதுவும் சுருக்கெழுத்தில். மூன்று வருடப் படிப்பில் அசல் ஸ்டேட்மென்ட் ஒன்றைக்கூட யாரும் அவள் கண்ணில் காட்டவில்லை. பட்டினி கிடந்து தேடிய பிள்ளையையா அக்கறை இல்லாதவள் என்பது? ஒரே ஒரு தடவை காட்டிக்கொடுத்தேன். அடுத்த மாதம் மதியத்துக்குள் முடித்துவிட்டாள்.

இன்னொரு பையன் நேர்காணலுக்கு வந்தான். "அனுபவம் உண்டா?" என்று கேட்டதற்கு "இல்லை சார்" என்றான். பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, காலை ஷிப்ட் கல்லூரி முடித்துவிட்டு இரவு பத்து மணி வரை ஜவுளிக்கடையில் நின்றிருக்கிறான், மூன்று வருடமும். தீபாவளிக் கூட்டத்தைச் சமாளித்தவன், கோபமாக வந்த வாடிக்கையாளரைச் சிரித்த முகமாக அனுப்பியவன். அதுதான் நாங்கள் தேடும் திறமை என்று மூன்று வருடத்தில் ஒருவர்கூட அவனுக்குச் சொல்லவில்லை.

ஆங்கிலம் வரவில்லை என்கிறார் நண்பர். சரி, பாக்கி கேட்டு ஒரு கடிதம் எழுதச் சொன்னால் தமிழிலும்தான் திணறுகிறார்கள். விடுப்புக் கடிதம் மட்டுமே எழுதிப் பழகிய கை அது.

பக்கத்திலேயே இன்னொரு படிப்பு இருக்கிறது. ஆடிட்டர் ஆவதற்கான சி.ஏ. படிப்பில் ஆடிட்டர் அலுவலகப் பயிற்சி கட்டாயம். முன்பு 3 வருடம், 2023-இல் வந்த புதிய திட்டத்தில் 2 வருடம். அதே ஊர்ப் பிள்ளைகள், அதே செல்போன். பயிற்சி முடித்து வருகிறவர்களைக் கம்பெனிகள் தேடி அழைக்கின்றன. பர்மாவிலும் மலாயாவிலும் தொழில் நடத்திய நகரத்தார், சிறுவனைப் பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் எடுபிடியாகச் சேர்த்து, அடுத்தாள் என்ற உதவியாளாக உயர்த்தி, அப்புறம்தான் பெரிய பொறுப்பைக் கையில் கொடுத்தார்கள். கணக்கை அருகில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பது நம் ஊருக்குப் புதிதில்லை. 2022 மார்ச் 1 அன்று தமிழக அரசு மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தரும் 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கியது எதற்காக? பட்டத்தோடு இன்னும் ஏதோ கொடுக்க வேண்டியிருக்கிறது என்று அரசே உணர்ந்ததால்தானே?

நான் கேட்பது பெரிய செலவில்லை. ஜிஎஸ்டி கணக்கை மாதா மாதம் தாக்கல் செய்பவர்களுக்கு, விற்பனை விவரம் சொல்லும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்கு 11-ஆம் தேதி கெடு, வரியைக் கட்டும் 3பி படிவத்துக்கு 20-ஆம் தேதி கெடு. அந்த நாட்களில் எந்த ஆடிட்டர் அலுவலகத்திலும் கை போதாது. ஐந்தாம் செமஸ்டர் மாணவரை ஏதாவது ஒரு மாதத்தில் அந்தப் பத்து நாள் மட்டும் அங்கே உட்காரவையுங்கள். பில் சரியில்லை என்று வியாபாரிக்குப் போன் போடுவார். எண் பொருந்தவில்லை என்று தேடுவார். திட்டும் வாங்குவார், திருத்திக்கொள்வார். அந்தப் பத்து நாளைக்கூடக் கொடுத்துப் பார்க்காமல் அந்தப் பிள்ளைகள் மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை, நடுவர் அவர்களே. வணக்கம்.